யாரிடம் என்ன திறமை? - தலைமை பற்றி ஒரு பாடம்



குழுவில் ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் மாற்ற வேண்டிய நேரம் வந்தால் ஒவ்வொரு ஊரிலும் ஒரே பேச்சுதான் நடக்கிறது. "எனக்கு என்ன தெரியும்? எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கட்டும்." "பேங்குக்குப் போனா எனக்கு வாய் வராது." "நான் மேட்டுக்காட்டுல கிடக்கிறவ, எனக்கு எதுக்கு இதெல்லாம்?" கடைசியில் ஏற்கெனவே இருந்தவரையே திரும்பவும் உட்கார வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்து விடுகிறோம்.

இது அடக்கத்தால் வரும் பேச்சு என்று நாம் நினைக்கிறோம். இல்லை. நம்மிடம் உள்ள திறமையை நாமே கணக்கில் எழுதாமல் விடுகிறோம். சேமிப்புப் பணத்தில் 10 ரூபாய் விட்டுப்போனால் சும்மா இருப்போமா? ஆனால் 15 பேர் உள்ள குழுவில் 12 பேருடைய திறமை எந்த நோட்டிலும் ஏறாமல் கிடக்கிறது. அதனால்தான் இந்த மாதப் பாடத்துக்குத் தலைமை என்பதை எடுத்துக்கொண்டோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசுங்கள்.

படிக்காத தலைவி: சின்னப்பிள்ளை அம்மா

மதுரை மாவட்டத்தில் அழகர்கோவில் பக்கம் பில்லுச்சேரி என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரைச் சேர்ந்தவர் சின்னப்பிள்ளை அம்மா. நிலம் கிடையாது. பள்ளிக்கூடம் போனதில்லை. சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலி வேலைதான் பிழைப்பு.

ஆனால் கூலி வேலையிலேயே அவர் தலைவியாக இருந்தார். நிலக்காரர்களிடம் போய் வேலை பேசுவது, இத்தனை பேர் வருவோம், இவ்வளவு கூலி என்று முடிவு செய்வது, பெண்களைக் கூட்டிக்கொண்டு போவது, வேலை முடிந்ததும் கூலியைப் பங்கு போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. இதைச் செய்ய என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த வயலுக்கு எத்தனை ஆள் தேவை என்று கண்ணால் பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும். யார் வேகமாக நடுவார், யாருக்கு உடம்பு முடியவில்லை என்பது தெரிய வேண்டும். பெரிய மனிதர் முன்னால் நின்று பயப்படாமல் கூலி பேச வேண்டும். பங்கு போடும்போது ஒருத்திக்கும் மனக்குறை வரக்கூடாது. இன்று பெரிய கம்பெனிகளில் மேனேஜருக்கு இதைத்தான் மாதக்கணக்கில் பயிற்சியாகக் கொடுக்கிறார்கள். சின்னப்பிள்ளை அம்மா அதை வயல் வரப்பில் கற்றுக்கொண்டார்.

1990-களின் தொடக்கத்தில், பின்னாளில் தானம் அறக்கட்டளை என்று பெயர் பெற்ற அமைப்பினர் அந்தப் பகுதியில் களஞ்சியம் என்ற பெயரில் பெண்கள் குழுக்களை ஆரம்பித்தார்கள். வட்டிக்கு வாங்கி வட்டிக்கே உழைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிறுகச் சிறுகச் சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்டார்கள். வேலைக்கு ஆள் சேர்த்த அதே திறமையால் சின்னப்பிள்ளை அம்மா குழுவுக்கும் ஆள் சேர்த்தார். ஒரு குழுவின் தலைவி, பிறகு பல குழுக்கள் சேர்ந்த வைகை வட்டாரக் களஞ்சியத்தின் தலைவி என்று படிப்படியாக உயர்ந்தார்.

ஊர்க் கண்மாயில் மீன் பிடிக்கும் குத்தகை அதுவரை வசதியானவர்கள் கையிலேயே இருந்தது. அந்த உரிமை ஏழைகளுக்கும் வேண்டும் என்று ஊர்ப் பெண்களைத் திரட்டி அதிகாரிகளிடம் போய் நின்றார், போராடி வாங்கினார். தனி ஆளாகப் போயிருந்தால் வாசலிலேயே விரட்டியிருப்பார்கள். குழுவாகப் போனதால் உட்கார வைத்துப் பேசினார்கள்.

2001 ஜனவரியில் டெல்லியில் அவருக்கு மத்திய அரசின் ஸ்திரீ சக்தி புரஸ்கார் விருது கொடுக்கப்பட்டது. மேடையில் விருது கொடுத்த அன்றைய பிரதமர் அடல் பிஹாரி வாஜ்பாய் அவர்கள் குனிந்து சின்னப்பிள்ளை அம்மாவின் காலைத் தொட்டு வணங்கினார். நாட்டின் பிரதமர், பள்ளிக்கூடம் போகாத ஒரு கூலிக்காரப் பெண்ணின் காலைத் தொட்டார் என்று எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. 2019-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விருது வந்ததால் அவர் தலைவி ஆகவில்லை. விருதுக்குப் பல வருடம் முன்னாலேயே, கூலியைச் சரியாகப் பங்கு போட்ட நாளிலேயே அவர் தலைவிதான். டெல்லிக்காரர்கள் அதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

நம்ம மலையின் பாடம்: சாமை

மதுரைக் கதை கேட்டோம். நம்ம கொல்லிமலைக் கதைக்கு வருவோம்.

நம் பாட்டிமார் காலத்தில் மலை முழுக்க சாமை, தினை, கேழ்வரகு, வரகு. சாமையிலேயே எத்தனை ரகம்! வெள்ளைப் பெருஞ்சாமை, திரிகுலச்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று நின்று விளையும். ஒன்று மேட்டுக்கு ஆகும், ஒன்று பள்ளத்துக்கு ஆகும். எந்தக் காட்டுக்கு எது என்பதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் பெண்கள்தான். கதிரில் நல்லதாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பதும், சாம்பல் கலந்து பூச்சி விழாமல் காப்பதும் பெண்கள் வேலை.

பிறகு குச்சிக்கிழங்கு வந்தது. கீழ்நாட்டில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின, லாரி மலைக்கே வந்து கிழங்கை ஏற்றிக்கொண்டு போனது, கையில் மொத்தமாகக் காசு வந்தது. குச்சி போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் அந்தக் காசுதான் உதவியது. ஆனால் சாமைக்காடு சுருங்கியது. கிழங்கு விலை விழுந்த வருடம் கையிலும் காசில்லை, வீட்டிலும் தானியமில்லை.

சாமையை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பெண்களுக்கு மட்டும்தான் தெரியும். சாமை அரிசி ஆக்குவது லேசான வேலையா? சின்ன மணி, ஒட்டிய உமி. உரலில் போட்டுக் குத்தணும், புடைக்கணும், மறுபடி குத்தணும், மறுபடி புடைக்கணும். காட்டு வேலை முடித்து வந்து அதைச் செய்தால் கை காய்த்துப் போகும், தோள் விட்டுப் போகும். ரேஷன் அரிசி கிடைக்கும்போது யார் உலக்கையைத் தூக்குவார்கள்?

1990-களின் பிற்பகுதியிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வந்து வேலை செய்தார்கள். அழிந்துகொண்டிருந்த ரகங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். விதையைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது, மக்கள் சாப்பிட்டால்தான் பயிர் நிற்கும், பெண்களின் இடிக்கும் வேலை குறைந்தால்தான் மக்கள் சாப்பிடுவார்கள் என்பது தெரிந்தது. அதனால் மலைக் கிராமங்களில் உமி நீக்கும் மில்லும் மாவு மில்லும் அமைக்கப்பட்டன. அவற்றை நடத்தும் பொறுப்பு சுயஉதவிக் குழுக்களிடம் வந்தது. ஊர் விதை வங்கிகள் உருவாயின. ஒரு படி விதை வாங்கினால் அறுப்புக்குப் பின் கூடுதலாகச் சேர்த்துத் திருப்பித் தருவது அங்கே வழக்கம். சாமை அரிசி, தினை அரிசி, ராகி மால்ட் எல்லாம் பாக்கெட்டில் அடைபட்டு, லேபிள் ஒட்டி மலை இறங்கின.

இங்கே திறமை எங்கே இருந்து வந்தது என்று பாருங்கள். மில்லை ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்ணிடம் ஒரு திறமை. எந்தச் சாமை எது என்று கதிரைப் பார்த்தே சொன்ன பாட்டியிடம் ஒரு திறமை. பாக்கெட்டை எடை போட்டுக் கணக்கு எழுதிய மருமகளிடம் ஒரு திறமை. சந்தையில் கூச்சப்படாமல் விற்றவரிடம் ஒரு திறமை. இந்த நான்கு பேரும் ஒரே மாதிரி இருந்திருந்தால் காரியம் நடந்திருக்காது.

நம் முன்னோர் காட்டில் ஒரே பயிரை மட்டும் போடவில்லை. சாமையோடு துவரை, அவரை, கடுகு என்று கலந்து விதைத்தார்கள். மழை ஒன்றை ஏமாற்றினால் இன்னொன்று கை கொடுக்கும். குழுவும் அப்படித்தான். இளையவர், மூத்தவர், படித்தவர், படிக்காதவர், கணவர் இல்லாதவர், மாற்றுத்திறனாளி, அதிகம் பேசுபவர், பேசாமல் வேலை செய்பவர் என்று எல்லோரும் கலந்திருந்தால்தான் கஷ்ட காலத்தில் குழு நிற்கும். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. நம் பாட்டிமார் சாம்பலில் போட்டுக் காத்த விதையைத்தான் உலகம் அன்று கொண்டாடியது.

காலை மட்டும் பார்த்திருந்தால்?

நம் பக்கத்துச் சேலம் மாவட்டம், பெரியவடகம்பட்டி கிராமம். 5 வயதுப் பையன் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. அப்பா துணை இல்லை. அம்மா செங்கல் சுமந்தார், காய்கறி விற்றார், கடன் வாங்கி வைத்தியம் பார்த்தார், பிள்ளைகளைத் தனியாகவே வளர்த்தார்.

அந்தப் பையனிடம் பலரும் காலைத்தான் பார்த்திருப்பார்கள். பள்ளியில் இருந்த உடற்பயிற்சி ஆசிரியர் அவன் தாண்டும் உயரத்தைப் பார்த்தார். நல்ல கால் உள்ள பிள்ளைகளோடு போட்டியில் இறக்கினார். பிறகு பயிற்சியாளர் ஒருவர் கண்டுபிடித்துப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். அவர்தான் மாரியப்பன் தங்கவேலு. 2016-ல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் நடந்த மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம்.

மாரியப்பனின் உழைப்பு பெரிது. அம்மாவின் உழைப்பு அதைவிடப் பெரிது. ஆனால் நாம் இன்று பாடமாக எடுக்க வேண்டியது அந்த ஆசிரியரின் கண்ணை. குறையைத் தாண்டித் திறமையைப் பார்த்த கண் அது. தலைவிக்கு வேண்டியது அந்தக் கண்தான். நம் ஊரில் கால் சரியில்லாதவர், காது கேளாதவர் எத்தனை பேர் குழுவில் சேராமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள்? மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டாத மலைக் கிராமங்களுக்கும் 5 பேர் இருந்தாலே தனிக் குழு அமைக்க வழி உண்டு. கேட்டுப் போய்ப் பார்த்தோமா?

எங்கள் கூட்டமைப்பில் நடந்தது

மற்றவர் கதையே சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. எங்கள் தப்பையும் சொல்ல வேண்டும்.

எங்களோடு இருக்கும் ஒரு குழுவில் பல வருடமாக ஒரே ஊக்குநர். நல்லவர், பொறுப்பானவர். எல்லாக் கணக்கும் அவரே எழுதுவார், பேங்குக்கும் அவரே போவார். மற்றவர்களுக்கு அது வசதியாக இருந்தது. நாங்களும் கூட்டமைப்பில் இருந்து, "நல்லா நடக்கிற குழு" என்று சொல்லி அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் போய், கீழே ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருக்க வேண்டியதாயிற்று. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பாஸ் புத்தகம் எங்கே, யார் எத்தனை தவணை கட்டினார்கள், பேங்குக் கடனில் பாக்கி எவ்வளவு என்று ஒன்றும் தெரியவில்லை. நோட்டில் கடைசி 2 மாதம் எழுதவே இல்லை. கூட்டம் போட்டால் சண்டை. "நான் கட்டிட்டேன்", "நீ கட்டல". தவணை நின்று வட்டி ஏறியது. குழுவே உடைந்துவிடும் போல ஆயிற்று. உடம்புக்கு முடியாமல் கிடந்த அக்காவையே சந்தேகப்பட்டுப் பேசினவர்களும் உண்டு. அதை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் குழுவில் ஆடு மேய்க்கும் ஒரு மூத்த அக்கா இருந்தார். கூட்டத்துக்கு வந்தால் ஓரமாக உட்காருவார், கைநாட்டு வைப்பார், போய்விடுவார். அவர் கருத்தை யாரும் கேட்டதில்லை. மூன்றாவது கூட்டத்தில் அவரே வாயைத் திறந்தார். "ஏன் கத்துறீங்க? வல்வில் ஓரி விழாவுக்கு முந்தின கூட்டத்துல இவ கட்டினா. காப்பிப் பழம் எடுத்த மாசம் அவ கட்டல, அடுத்த கூட்டத்துல ரெண்டா சேத்துக் கட்டினா" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. எழுதி வைத்துக்கொண்டு பேங்கில் போய்ச் சரிபார்த்தோம். ஒரே ஒரு இடத்தைத் தவிர மற்ற எல்லாம் சரியாக இருந்தது. ஒரு ரூபாயும் காணாமல் போகவில்லை. கணக்கு எழுதாமல் இருந்தது, அவ்வளவுதான்.

"இத்தனை நாள் ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டோம். "யாராச்சும் கேட்டீங்களா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. இந்தப் பாடத்தை எழுதியதே அந்தக் கேள்வியால்தான்.

இப்போது அந்தக் குழுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கைச் சத்தமாகப் படிக்கிறார்கள். அந்த அக்கா தலையை ஆட்டினால்தான் அடுத்தவர் கணக்குக்குப் போவார்கள். நோட்டு எழுத இரண்டு இளைய பெண்கள் பழகிவிட்டார்கள். பழைய ஊக்குநர் அக்கா குணமாகி வந்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

நாம் கற்றுக்கொண்டது

1. தலைமைக்குப் படிப்பு உதவி, ஆனால் படிப்பே தலைமை ஆகாது. எழுதத் தெரியாத தலைவிக்கு எழுதத் தெரிந்த பெண் துணை இருந்தால் போதும். ஆனால் நியாயமாகப் பங்கு போடத் தெரியாத தலைவிக்கு யாரும் துணை நிற்க முடியாது.

2. நல்ல தலைவி எல்லா வேலையையும் தானே செய்பவர் அல்ல. தான் ஒரு மாதம் இல்லாவிட்டாலும் குழு நடக்கும்படி செய்பவர்.

3. சுழற்சி முறை என்பது பழைய தலைவியை இறக்குவதற்கு அல்ல, புதிய தலைவியை வளர்ப்பதற்கு. பொறுப்பு விட்டவர் புதியவருக்குக் குறைந்தது 3 மாதம் கூட இருந்து பழக்க வேண்டும். பேங்குக்கு முதல் தடவை போகும்போது கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

4. பேசாதவரிடம் கேளுங்கள். கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவர் கருத்தே தீர்மானம் ஆகிவிடுகிறது. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்ட பிறகே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

5. கஷ்டத்தில் இருப்பவரைக் குழுவை விட்டுத் தள்ளாதீர்கள். தவணை தவறினால் முதலில் வீட்டுக்குப் போய் என்ன கஷ்டம் என்று கேளுங்கள், பிறகு அபராதம் பேசலாம். இன்று அவருக்கு வந்தது நாளை நமக்கும் வரும்.

கூட்டத்தில் செய்து பார்ப்போம்

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். ஆளுக்கு ஒரு பிடி அவரை விதையோ துவரையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நடுவில் வந்து உட்கார வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக, "உன்கிட்ட இந்தத் திறமை இருக்கு" என்று ஒன்றைச் சொல்லி ஒரு விதையை அவர் மடியில் போட வேண்டும். 'நல்லவங்க', 'அன்பானவங்க' என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. "பிரசவ நேரத்துல பயப்படாம கூட வருவ", "மிளகு எடை போட்டா வியாபாரி ஏமாத்த முடியாது", "சண்டை போட்ட ரெண்டு பேரைச் சேத்து வைப்ப" என்று நடந்ததைச் சொல்லணும். சொன்னதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயருக்கு நேராக எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் குழுவின் திறமைக் கணக்கு. அடுத்த தடவை பொறுப்புக்கு ஆள் தேடும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

கலந்து பேசக் கேள்விகள்

* நம் குழுவில் இன்று ஊக்குநர் வரவில்லை என்றால் கணக்கு எழுத எத்தனை பேருக்குத் தெரியும்?
* கடைசி 3 கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாதவர் யார்? ஏன்?
* நம் ஊரில் எந்தக் குழுவிலும் இல்லாத பெண்கள் யார் யார்? அவர்களைச் சேர்க்க என்ன தடை?
* சின்னப்பிள்ளை அம்மா நம் குழுவில் சேர வந்திருந்தால், அவரைத் தலைவி ஆக்கியிருப்போமா, கைநாட்டு என்று ஓரமாக உட்கார வைத்திருப்போமா?

கடைசிக் கேள்விக்கு மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள். உங்கள் குழுவில் பேசியதை எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்புங்கள். எழுத முடியாவிட்டால் வந்து வாயால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

தொம்பையில் இருக்கும் விதை காட்டுக்குப் போனால்தான் கதிர். நமக்குள் இருக்கும் திறமை கூட்டத்துக்கு வந்தால்தான் குழு.